கள்ளுக்கடையும் கல்விக்கூடமும்

வட சிலாங்கூரின் கடலோரம் தென்னைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சுங்கை ஆயர் தாவார் என்னும் ஊர்ப்பெயருக்கு உப்பற்ற நன்னீர் ஆறு என்பது பொருள். இப்பகுதித் தோட்டங்களில் தமிழர் தென்னையையும் ரப்பரையும் வளர்த்தனர். அவர்தம் வரலாற்றை எழுதப் புகுவோர், தென்னை தந்த கள்ளைக் குறிப்பிடாமல் கடந்து செல்ல இயலாது.

கள், நறவு, தேறல், மட்டு எனப் பல பெயர்களால் இதனை அறிந்தவர் நம் முன்னோர். அதியமான் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் நினைந்து பாடியது புறநானூற்றில் உள்ளது. வள்ளுவரோ 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கினார். விருந்தாகப் போற்றுவதும் கேடெனக் கடிவதும் ஆகிய இரண்டும் நம் இலக்கியத்தில் உண்டு.

கள் இறக்குதல் எளிய தொழிலன்று. விரியாத பாளையை இறுகக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, கலயத்தைக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரமேற வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இனிய பதநீர் கிடைக்கும். தடவாவிடின் சில மணி நேரத்தில் அது கள்ளாகும். மறுநாள் மேலும் புளித்துக் காடியாக மாறத் தொடங்கும்.

அதே தோட்டத்தில் துரைமார் அருந்தியது விஸ்கி. சோடா கலந்த அக்கோப்பைக்கு, பாதி எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து ‘ஸ்தெங்கா’ என்று பெயர் வழங்கிற்று. ஸ்காட்லாந்து விஸ்கி ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது சட்டம். வடித்தவர் பெயர் புட்டியில் பொறிக்கப்படும். ஆண்டு ஏற ஏற விலையும் ஏறும். கள்ளுக்கோ அன்றைய பொழுதே ஆயுள். அதை இறக்கியவர் பெயரை எந்தக் கலயமும் தாங்கவில்லை.

ஆயினும் கள் தொழிலாளியின் தனிப்பட்ட பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. அரசு உரிமம் வழங்க, நிருவாகம் இடமளிக்க, லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை நின்றது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. அதன் வருவாயில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கெனச் செலவிடப்பட்டதும் உண்டு. ஒரு கையால் எடுத்ததில் சிறிது மறுகையால் கொடுக்கப்பட்டது, அவ்வளவே!

இதனைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டு, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவுக்கு முடிவு ஆகியவை அவர்தம் கோரிக்கைகள். அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் இடம்பெற்றது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். எனினும் அக்குரல் அடங்கவில்லை. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர்.

பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் அருகின. ஆனால் சம்சு எனப்படும் மலிவுச் சாராயம் தோட்டங்களுக்குள் நுழைந்து, கள்ளினும் கொடிய கேட்டை விளைத்தது. கடையை மூடினால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

தமிழாசிரியர்களும் மாணவர்களும் இங்கு ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். ‘குடித்தே கெட்டவர்கள்’ என்று தோட்டத் தமிழரைப் பற்றி எளிதாகப் பேசிவிடுகிறோம். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைக்குக் கல்வி கொடு என்று ஒரே மூச்சில் கேட்டவர்களும் அவர்களே. கள்ளுண்ணாமை அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, உயிரையும் பொருட்படுத்தாமல் அவ்வாறு கேட்ட அம்மக்களின் வரலாற்றையும் உடன் சொல்லுதல் நம் கடமையாகும்.