பல்கலைக்கழக விண்ணப்பமும் தோட்டப் பள்ளிப் பிள்ளையும்

1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவான நிறுவனம் அது. அதற்கு முன்னர் மலாயாவில் பட்டம் வழங்கும் கல்விக்கூடமே இல்லை. மருத்துவக் கல்லூரி உரிமச் சான்றிதழும், ராபிள்ஸ் கல்லூரி டிப்ளோமாவும் மட்டுமே தந்து வந்தன. பட்டம் வேண்டுவோர் கப்பலேற வேண்டியிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும், 1885-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசியார் உபகாரச் சம்பளத்தைப் பெற்ற மிகச் சிலருமே அவ்வாறு சென்றனர். ஆகவே, பிறந்த நாட்டிலிருந்தே பட்ட வகுப்புக்கு விண்ணப்பம் எழுதும் பேறு 1949-இல்தான் மலாயா மாணவருக்கு வாய்த்தது.

ஆயினும் அவ்விண்ணப்பத்தை எழுதத் தகுதி பெற்றவர் யாவர்? புதிய பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி ஆங்கிலம். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, அதற்கு மேலும் பல்கலைக்கழகம் விதித்த நிலையை எட்டியவனே உள்ளே புகலாம். சீனப் பள்ளியில் உயர்நிலை வரை கற்றவனுக்கும் அந்த வாயில் அடைபட்டே இருந்தது. சீனர் அதற்கு ஒரு வழி கண்டனர். 1953-இல் டான் லார்க் சை என்னும் வணிகப் பெருமகனார் தமக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்றார். ஹொக்கியன் சங்கம் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. மூன்று சக்கர வண்டி மிதித்தோரும் ஒருநாட் கூலியைக் கொடுத்தனர். 1956-இல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. அவர்களால் அது முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்களிடம் சீனமொழி உயர்நிலைப்பள்ளிகள் ஏற்கெனவே இருந்தமை.

தமிழருக்கு அந்த அடிப்படை இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டுமென்று விதித்தது. பள்ளி வைக்கச் சொன்ன சட்டம் அப்பள்ளி எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பல தோட்டங்களில் நான்காம் வகுப்புக்கு மேல் வகுப்பே கிடையாது. அதன்பின் பிள்ளை பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குப் போயிற்று. தமிழில் இடைநிலைக் கல்வி தந்தது சிங்கப்பூர் உமறுப் புலவர் பள்ளி. அதுவும் 1960-இல்தான் அந்நிலையை எய்தியது, 1982-இல் மூடப்பட்டது.

இந்நிலையில் தமிழர் வேறொரு முனையில் போராடி வென்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதாயிற்று. அதில் வடமொழிக்கு முதன்மை தரவேண்டும் என்னும் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்தை இந்நாட்டுத் தமிழர் ஏற்கவில்லை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணியார் தமிழுக்கே அவ்விடம் உரியதென்று வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளரும் சிறு கடைக்காரரும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்த பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்களாயிற்று. 1956-இல் தொடங்கிய அத்துறை 1959-இல் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1961 முதல் 1969 வரை தனிநாயக அடிகளார் அதற்குத் தலைமை தாங்கினார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் அந்நகரிலேயே கூடியது.

பெருமைக்குரிய வரலாறுதான். எனினும் அந்நூல்களுக்காக ஒரு வெள்ளி கொடுத்த தோட்டத் தொழிலாளியின் மகன் அந்நூலகத்துக்குள் எப்போது நுழைந்திருக்க முடியும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் தோட்டப் பள்ளியின் முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளை சேர்ந்ததாகக் கொள்வோம். அவன் 1962-இல் ஆறாம் வகுப்பை முடிப்பான். அக்காலத்தில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது; 1964 வரை அது நீடித்தது. அதில் தவறியவனுக்குக் கல்வி அங்கேயே முடிந்தது. தேறியவன் நேரே முதலாம் படிவத்துக்குச் செல்ல முடியாது. மொழி மாற்றத்துக்கென வைத்த புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். 1964-இல் முதலாம் படிவம், 1966-இல் மூன்றாம் படிவமும் அதன் தேர்வும், 1968-இல் ஐந்தாம் படிவம், 1970-இல் ஆறாம் படிவ மேல்வகுப்பு. எங்குமே தவறாவிட்டாலும் 14 ஆண்டுகள். ஆங்கிலத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவனுக்கு 13.

அந்த ஓராண்டு சிறிதன்று. லயன் வீட்டில் அது ஒரு சம்பளம். இளையவர் நால்வர் இருக்க, மூத்தவனை இன்னும் ஓராண்டு படிக்க வைப்பதா என்ற கேள்வி அந்த இடத்தில்தான் எழும். புகுமுக வகுப்பிலேயே நின்றவர்களைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். விண்ணப்பம் வரை வந்தவனுக்கும் தொல்லை தீர்வதில்லை. பிறப்புப் பத்திரத்தில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதிய பெயர் மற்றொன்று என்றிருந்தால், இரண்டும் ஒருவனே என்று சத்தியப் பத்திரம் எழுத நகருக்குப் போக வேண்டும்.

நமது மாணவன் 1971-இல் விண்ணப்பித்தபோது வாயிலின் அமைப்பே மாறத் தொடங்கியிருந்தது. 1969 மே மாதத்துக்குப் பின் அமைக்கப்பட்ட குழு 1971-இல் அளித்த அறிக்கை, மாணவர் சேர்க்கை நாட்டின் இன விகிதத்தைத் தழுவ வேண்டுமென்றது. பல்கலைக்கழகச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. தமிழில் தொடங்கி, பெரும்பாடுபட்டு ஆங்கிலத்தைப் பற்றியவன் முன்னே மலாய் வந்து நின்றது. மலாயைக் கற்பதில் தவறேதுமில்லை. நாட்டின் மொழி அது. தோட்டப் பிள்ளைக்கு அது காலத்தே முறையாகக் கற்பிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

ஆங்கிலப் பள்ளிகள் 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. அந்த முதல் அணி 1983-இல் பல்கலைக்கழகத்துள் புகுந்தது. அதே 1970-இல் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை அவ்வாண்டு ஆறாம் படிவ மேல்வகுப்பில் அமர்ந்திருந்தான். விண்ணப்பம் எழுத அவனுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது.