விண்ணக வழிபாட்டுக் காட்சிகள்

கடவுளின் அரியணையையும் அதைச் சூழ்ந்து நடக்கும் துதியையும் விவரிக்கும் விவிலியப் பகுதிகள் விண்ணக வழிபாட்டுக் காட்சிகள் எனப்படும். இவற்றுள் விரிவானவை புதிய ஏற்பாட்டின் கடைசி நூலில் உள்ளன. கத்தோலிக்கர் அந்நூலைத் திருவெளிப்பாடு என்றும், சீர்திருத்தச் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்றும் வழங்குவர். ரோமப் பேரரசன் தொமித்தியான் காலத்தில், கி.பி. 95 அளவில், பத்மு தீவிலிருந்த யோவான் என்பார் ஆசியா மாநிலத்தின் ஏழு சபைகளுக்கு எழுதியது அது. வருங்கால நிகழ்ச்சிகளின் கால அட்டவணையாக அதைப் படிப்போர் பலர் உண்டு. ஆனால் நூலில் பேரழிவுக் காட்சிகளுக்கிடையே துதிப்பாடல்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பவர்க்கு அது முதன்மையாக வழிபாட்டு நூலே என்பது விளங்கும்.

மூலங்கள்

காட்சிகளின் கூறுகள் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தவை. உசியா அரசன் இறந்த ஆண்டில் ஏசாயா கண்ட ஆறு சிறகுச் சேராபீன்கள், பாபிலோனியச் சிறையிருப்பில் கேபார் ஆற்றங்கரையில் எசேக்கியேல் கண்ட நான்கு உயிர்களும் சக்கரங்களும், தானியேல் 7-ஆம் அதிகாரத்தின் நெருப்பு அரியணை ஆகிய மூன்றும் வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்தில் ஒன்றுகலக்கின்றன. எசேக்கியேலின் உயிர்களுக்கு நான்கு சிறகுகள். யோவானின் உயிர்களுக்கு ஏசாயாவின் ஆறு சிறகுகள். அவை பாடுவதும் ஏசாயாவின் மும்முறைத் தூய துதியே. இத்தனை எடுத்தாண்டும் நூலாசிரியர் ஓரிடத்திலும் மூலநூலின் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டுவதில்லை.

சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கிடைத்த ஓய்வுநாள் பலிப் பாடல்கள் இக்காட்சிகளைப் பற்றிய ஆய்வின் போக்கை மாற்றின. வானதூதர் கோயிலில் நடக்கும் வழிபாட்டை 13 ஓய்வுநாள்களுக்குப் பகுத்துப் பாடும் இத்தொகுதியை 1985-இல் கரோல் நியூசம் முழுமையாகப் பதிப்பித்தார். மண்ணிலுள்ளோர் தம் வழிபாட்டை விண்ணக வழிபாட்டோடு இணைத்துக் கண்ட மரபு கிறித்தவத்துக்கு முந்தியது என்பது இதனால் உறுதிப்பட்டது.

ரோம அரசவைச் சடங்கும் இன்னொரு மூலம். யோவானின் காட்சியில் அரியணையைச் சூழ்ந்துள்ள 24 மூப்பர்கள் தம் கிரீடங்களைக் கழற்றி அதன்முன் வைக்கின்றனர். கி.பி. 63-இல் அர்மீனிய அரசன் திரிதாத்தஸ் தன் முடியை நீரோவின் சிலைமுன் வைத்ததை ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ் பதிந்துள்ளார். பேரரசனுக்குக் கோயில் கட்டியிருந்த பெர்கமு போன்ற நகரங்களில் யோவானின் இக்காட்சியைக் கேட்டவர்களுக்கு, எந்த அரியணைக்கு எதிராக எந்த அரியணை வைக்கப்படுகிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நூலின் இறுதியில் வரும் புதிய எருசலேமில் கோயிலே இல்லை. வழிபாட்டை இவ்வளவு பாடிய நூல் கோயிலற்ற நகரத்தில் முடிவது உரையாசிரியர்களை இன்றும் திணறடிக்கிறது.

ஏற்பும் ஐயமும்

இந்நூல் திருநூல் வரிசையில் எளிதில் இடம்பெறவில்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தியோனீசியு, நடையை ஆராய்ந்து, நான்காம் நற்செய்தியை எழுதியவர் இதை எழுதவில்லை என்றார். சுரியானி மொழியின் பெஷித்தா விவிலியத்தில் இது சேரவே இல்லை. 1522-இல் மார்ட்டின் லூதர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இதைத் திருத்தூதர் எழுத்தாக ஏற்கத் தயங்கினார். ஆயினும் அப்பதிப்பில் முழுப்பக்கப் படங்கள் பெற்றது இந்த ஒரு நூல்தான். ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையில் உருவான 21 மரச்செதுக்குப் படங்கள் அவை. 1530-இல் லூதர் முன்னுரையை மாற்றி எழுதினார்.

தமிழில்

லூதர் ஐயுற்ற நூலைத் தமிழில் முதலில் அச்சிட்டவர்கள் லூத்தரன்களே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் 1714-இலும், எஞ்சிய பகுதி இந்நூலோடு 1715-இலும் வெளிவந்தன. அதன் மூலங்களான ஏசாயா, எசேக்கியேல், தானியேல் மூன்றும் பெஞ்சமின் ஷூல்ட்ஸ் முடித்த பழைய ஏற்பாட்டில் 1720-களில்தான் அச்சேறின. ஆகவே முதல் தமிழ் வாசகர்கள் வேரை அறியாமல் கிளையைப் படித்தார்கள். இலக்கியத்தில் ஹெ. அ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் பயணக் கதையைத் தழுவி, வழிப்போக்கரை விண்ணக நகர்வரை கொண்டு செல்கிறது. கம்பனில் தோய்ந்த வைணவராக இருந்து கிறித்தவரான இவர் கையில் அந்நகரம் காப்பிய நகரமாகவே எழுந்தது. ஆராய்ச்சி உரைகளைவிடத் தமிழர் மனத்தில் விண்ணகத்தை வரைந்தது இந்தக் காப்பியமும் கீர்த்தனைகளும்தாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

தரங்கம்பாடி மரபு குடியேறிகளோடு மலாயாவுக்கு வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்கள் நிறைந்திருந்த பகுதியில் எழுந்த சீயோன் லூத்தரன் ஆலயம் அதன் வழிவந்தது. அதே பிரிக்ஃபீல்ட்ஸில் மலையாளிகளின் ஓர்த்தடாக்ஸ் சிரியன் ஆலயமும் உள்ளது. பெஷித்தாவின் வழிவந்த அம்மரபின் வழிபாட்டில் வெளிப்படுத்தின விசேஷம் வாசகமாக வருவதில்லை. ஆனால் திரை, தூபம், மும்முறைத் தூய பாடல் என அந்நூலின் 4, 5-ஆம் அதிகாரங்களை அங்கு கண்ணால் காணலாம். நூலைப் படிக்கும் சபையைவிட, படிக்காத சபையே அதை நிகழ்த்திக் காட்டுகிறது எனலாம்.

ஊழியர் பயிற்சிக்கு ஆங்கிலிக்கன், லூத்தரன், மெத்தடிஸ்ட் சபைகள் இணைந்து 1979-இல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி இப்போது சிரம்பானில் இயங்குகிறது. தமிழ்வழிக் கல்வியும் அங்குண்டு.