கேலட்டின் ஆற்றிலிருந்து ஒரு லிட்டர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். யெல்லோஸ்டோன் பூங்காவின் மலைகளில் பிறந்து வரும் கேலட்டின் ஆற்றங்கரையில், ஒரு முதுகுப்பையிலிருந்து எவர்சில்வர் பாட்டில் வெளியே வருகிறது. இந்த வேலைக்கு பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. தேடிவந்த பொருளான நுண்பிளாஸ்டிக் அதிலிருந்தே உதிர்ந்துவிடும்.

கொண்டுவந்தவர் விஞ்ஞானி இல்லை. மலையேறுபவராகவோ பனிச்சறுக்குக்காரராகவோ இருப்பார். எப்படியும் இந்தக் காடுமேடுகளில் அலைகிறவர்களிடம் ஆய்வுக்கான வேலையையும் ஒப்படைக்கலாம் என்று நம்பி, 2011-ல் கிரெக் டிரைனிஷ் தொடங்கிய அமைப்புதான் ‘அட்வென்ச்சர் சயன்டிஸ்ட்ஸ்’.

வந்தவர் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கிறார். உடுப்பிலிருந்து உதிர்வது கீழ்ப்பக்கமாகப் போகட்டும் என்பதற்காக. ஆற்றுத் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு நிரப்பி, மூடியை இறுக்குகிறார். இடமும் நேரமும் குறிக்கப்படுகின்றன. ஒரு கிலோ பாரம் கூடிய பையோடு இறக்கம் தொடங்குகிறது.

அடுத்த பயணம் நாட்டின் மறுகோடிக்கு: அட்லாண்டிக் கரையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் நுண்பிளாஸ்டிக் ஆய்வாளர் அபி பேரோஸின் ஆய்வுக்கூடம். அங்கே அந்த லிட்டர், 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட வடிதாள் வழியே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் போய்விடும், தாள் காயும். அதன் கட்டங்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போக வேண்டும். நீலமாக, முனையிலிருந்து முனைவரை ஒரே பருமனில், உயிரணுக்களின் தடமே இல்லாமல் ஒரு இழை கிடக்கும். ஊசியால் சீண்டினாலும் நொறுங்காது. பாசி நூலாக இருந்தால் நொறுங்கியிருக்கும்.

2015 முதல் 2017 வரை, கேலட்டின் வடிநிலத்தின் 72 இடங்களிலிருந்து 714 மாதிரிகள் இப்படிச் சேர்ந்தன. அவற்றில் 57 சதவீதத்தில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. சராசரி லிட்டருக்கு 1.2 துகள், பெரும்பாலானவை இழைகள். சம்பளத்துக்கு ஆள் வைத்து, பருவந்தோறும் இத்தனை இடங்களுக்கு அனுப்ப எந்த ஆய்வுக்கூடத்தாலும் எளிதில் முடியாது. இந்தத் தன்னார்வலர்களின் கால்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

அவர்களைக் குளிரிலிருந்து காப்பதும் பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிளீஸ்தான். அப்படியொரு உடுப்பு ஒரே சலவையில் 1,900-க்கு மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011-லேயே ஆய்வாளர் மார்க் பிரவுனின் குழு காட்டியது. மலையை நேசிப்பவர்கள் தங்கள் சட்டையையும் சந்தேகிக்க வேண்டிய கட்டம் இது. அதற்கு முகம் திருப்பாமல் பாட்டிலைத் தூக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

கேலட்டின் மாதிரிகளிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. சுற்றியிருப்பது காடா, வயலா, ஊரா என்பதற்கும் துகள்களின் அளவுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஊர்க் கழிவுநீரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஆற்றில் வரத்து குறையக் குறைய, லிட்டருக்கான துகள்கள் கூடின. பனி உருகி முடிந்து, வயல்களுக்கும் தண்ணீர் பிரிந்துபோய், ஆறு மெலிந்து ஓடும் கோடைக் கடைசியில் கேலட்டினின் டிரவுட் மீன்களுக்கு இந்த இழைகளோடு நெருக்கம் கூடக்கூடும்.