குக்கர்: ஆவியை அடைக்கும் மூடி, உயிரைக் காக்கும் வால்வு

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. மிகுதி வெப்பம் ஆவியாகப் போய்விடும். பிரஷர் குக்கர் இந்த ஆவியை அடைத்து வைக்கிறது. அதனால் உள்ளே கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. பருப்பும் இறைச்சியும் விரைவில் வெந்துவிடுகின்றன, எரிவாயு மிச்சமாகிறது.

பிரான்சில் பிறந்த டெனி பாப்பின் என்ற அறிஞர் 1679-இல் லண்டனில் இதன் முன்னோடியைச் செய்து காட்டினார். அடைபட்ட ஆவி பாத்திரத்தையே வெடிக்கச் செய்யும் என்பதால், எடையால் அழுத்தி மூடிய பாதுகாப்பு வால்வையும் அதற்கென உருவாக்கினார். நம் குக்கரின் வெயிட்டும் அதே முறையில்தான் இயங்குகிறது. அழுத்தம் அளவைத் தாண்டினால் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அதுவே விசில்.

ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டாவது காவல், மூடியிலுள்ள சேஃப்டி வால்வு. சூடு எல்லை மீறும்போது அதிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். விலை குறைவு என்று போலி வால்வு வாங்கிப் பொருத்தினால் இந்தக் காவலை நாமே நீக்கிவிடுகிறோம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

- மூடும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.
- மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைக்கும் பருப்பு என்றால் பாதிக்கு மேல் வேண்டாம்.
- விறைத்துப்போன கேஸ்கட்டை உடனே மாற்ற வேண்டும்.
- விசில் வரவில்லையா? அடுப்பை அணைத்து, குக்கர் முழுதும் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது.

ஆவி வெளியேறும் வழி திறந்திருக்கும்வரைதான் குக்கர் பாதுகாப்பானது. அதைத் திறந்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.