இன்மையின் இரு வகைகள்: காரைநகர் வழியே ஒரு நோக்கு

காரைநகருக்கு ஒரு காலத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், சூழவுள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று; புங்குடுதீவு மிடெல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயின. இவற்றுள் டெல்ஃப்ட் ஒன்றே ஆங்கில ஆவணங்களில் இன்றும் வழங்குகின்றது. ஏனையவை பழைய நிலப்படங்களோடு நின்றுவிட்டன. வலந்தலைச் சந்தியில் நின்று ஆம்ஸ்டர்டாம் எங்கே என ஒருவர் வினவுவாராயின், அது ஒல்லாந்தில் உள்ளது என்றே விடை கிடைக்கும். காரைதீவு என்ற நாட்டுப் பெயரும் 1920களில் காரைநகர் என மாறியது. ஆனால் அப்பெயர் அழிந்துவிடவில்லை. கிழக்கிலங்கையிலும் புத்தளத்துப் பக்கத்திலும் அதே பெயருடைய இடங்கள் உண்டு. ஒரு பெயர் பொருளை இழப்பது ஒன்று. ஒரு பொருளுக்குப் பெயரே வாய்க்காமற் போவது வேறொன்று. இவ்விரண்டும் நம் அன்றாடப் பேச்சில் 'இல்லை' என்ற ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றன.

இவ்வேறுபாட்டை அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர்கள் மெய்யியலாளர் அல்லர், கணினி நிரல் எழுதுவோரே. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாள்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட் என்னும் உரைநிரல் மொழி இதற்கு நல்ல சான்றாகும். அம்மொழியில் ஒரு மாறியைப் பெயரளவில் அறிவித்து, மதிப்பு எதனையும் இடாமல் விட்டால், அதனை வினவும்போது 'வரையறுக்கப்படாதது' என்ற விடை வரும். அறிவிக்கவே படாத பெயரை வினவினாலோ விடை வராது. நிரல் பிழை காட்டி நின்றுவிடும். முன்னது வெறுங் கலம். பின்னது கலமே இன்மை. இதுவரை தெளிவாகவே உள்ளது. ஆயினும் ஒரு பெயரின் வகை யாதெனக் கேட்கும் கட்டளை, அறிவிக்கப்படாத பெயருக்கும் 'வரையறுக்கப்படாதது' என்ற அதே விடையையே தருகின்றது. ஒரு பொருட்டொகுதியில் இல்லாத உறுப்பினை வினவினாலும் அவ்விடையே. உறுப்பு அங்கு உளதா என்பதை வேறொரு வினாவாற் கேட்டாலன்றி இரண்டும் வேறுபடா. இதனினும் விபரீதம், அறிவிக்கப்படாத பெயருக்கு மதிப்பொன்றை இட்டால், அப்பெயர் நிரல் முழுவதற்கும் பொதுவான மாறியாகத் தானே முளைத்துவிடும். இதனைத் தடுக்கும் கட்டுப்பாட்டு முறை 2009ஆம் ஆண்டின் தரநிலையிலேயே வந்தது. 1987இல் தோன்றிய பேர்ள் என்னும் மொழி இவ்வகையில் மேலானது. ஓர் அட்டவணையில் உறுப்பு உளதா, உள்ளதற்கு மதிப்பு உளதா என்ற இரு வினாக்களையும் அது பின்னைய வடிவங்களிற் பிரித்து வைத்தது.

இஃது ஐரோப்பிய அறிவியலின் புதுக் கண்டுபிடிப்பு என மயங்க வேண்டியதில்லை. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதை நாமறிவோம். இன்மையை நால்வகைப்படுத்தும் நியாய மரபு அந்நூல்வழி நம் கல்வியுட் புகுந்தது. குடம் வனையப்படுமுன் மண்ணில் உள்ளது முன்னின்மை. உடைந்தபின் உள்ளது அழிவுபாட்டின்மை. காற்றில் உருவமின்மை போல முக்காலத்தும் இல்லாதது முழுதுமின்மை. குடம் ஆடையன்று என்பது ஒன்றினொன்றின்மை. அறிவித்து வெறிதே விட்ட மாறி முன்னின்மைக்கு நெருங்கியது. மதிப்பு வந்ததும் அவ்வின்மை முடிகின்றது. இம்மரபில் நமக்கு வேண்டிய நுட்பம் பிறிதொன்று. 'நிலத்திற் குடமில்லை' எனக் கூற, நிலம் இன்னதென்றும் குடம் இன்னதென்றும் கூறுவோன் முன்பே அறிந்திருத்தல் வேண்டும். இடமும் பொருளும் குறிக்கப்பட்ட இன்மையே அறிவாகும். அறிவிக்கப்படாத பெயரிடத்து இடமே இல்லை. ஆகவே அங்கு இயந்திரம் 'இல்லை' என்றுகூடச் சொல்ல இயலாமல் நிற்கின்றது.

வரலாற்று ஆவணங்களை நோக்குவோர் இதனை மறத்தலாகாது. 1645இல் பறங்கியர் தொகுத்த வருமானப் பதிவேடும், பின்னர் ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளும் வரி கொள்வதற்காக எழுந்தவை. காணியைப் பதியும் ஏடு காணியுடையவனையே பதியும். பிறன் காணியிற் குடியிருந்து உழைத்தவன் அங்கு வெற்றிடமாகக்கூட இடம்பெறான். 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை அடிமைகளை உடைமையெனக் கொண்டே விதி வகுத்தது. 1844இல் அடிமை முறை ஒழிக்கப்படும்வரை அவர்கள் பெயர் பெற்றது பிறர் சொத்தின் கீழேயே. ஏட்டின் மௌனத்தைக் கொண்டு ஆட்களின் இன்மையை முடிவு செய்த ஆய்வுகள் நம்மிடையே சிலவல்ல. 1991இல் இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்த காரைநகர் மக்கள் 1996இன் பின்னர் திரும்பத் தொடங்கியபோதும் இவ்வேறுபாடு தலைகாட்டியது. கடற்படையின் வசமிருந்த நிலத்துக்கு உறுதி வைத்திருந்தோர் அவ்வுறுதியைக் காட்டிக் கேட்க முடிந்தது. உறுதியின்றித் தலைமுறைகளாகக் குடியிருந்தோருக்குக் கேட்பதற்கே பத்திரமில்லை.

மனிதரைப் பற்றிய பதிவிற் சிக்கல் மேலும் கடுமையாகின்றது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தூடே முன்னேறியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களிற் பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் மீளவில்லை. ஏழாண்டு செய்தியற்றவர் இறந்தவரெனக் கொள்ளலாம் என்பது இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் நிலைப்பாடு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அக்காலத்தை ஓராண்டாகச் சுருக்கி, அத்தகையோரின் இறப்பைப் பதிய வழி செய்தது. தருக்க நூலார் மொழியிற் கூறின், உடைந்த குடத்தைக் காணாமலே அழிவுபாட்டின்மையை அரசு எழுதித் தர முன்வந்தது. குடும்பங்கள் பல அதனை ஏற்க மறுத்தன. உயிருடன் கொண்டு சென்றவரை எங்கே எனக் கேட்டோருக்கு இறப்புச் சான்றிதழ் விடையாகாது. அது வினாவையே நீக்கிவிடுவது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், காணாமற்போனமையைச் சான்றுபடுத்தும் பத்திரம் ஒன்றனைத் தந்தது. பெயர் உளது, மதிப்பு அறியப்படவில்லை என்பதை அரசேடு ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அப்பத்திரம் பெறவும் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பம் முழுவதும் அழிந்தவருக்காக விண்ணப்பிப்பவர் எவர்? எப்பட்டியலிலும் எவரும் எழுதாத அப்பெயர்களைக் கூட்டுத்தொகை எதுவும் காட்டாது.