பக் (டைனோசர் ஜூனியர் ஆல்பம்)

‘பக்’, அமெரிக்க இன்டீ ராக் குழுவான டைனோசர் ஜூனியரின் மூன்றாவது ஆல்பம். 1988 அக்டோபரில் எஸ்.எஸ்.டி. ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. முகம் கொடுத்துப் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்ட மூன்று இளைஞர்கள் சேர்ந்து வாசித்த ஒன்பது பாடல்கள் இதில் உள்ளன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் 1984இல் குழு உருவானது. அதற்கு முன் ஜே மாஸ்கிஸும் லூ பார்லோவும் ‘டீப் வூண்ட்’ என்ற ஹார்ட்கோர் குழுவில் இருந்தவர்கள். அங்கே டிரம்ஸ் வாசித்த மாஸ்கிஸ் இங்கே கிதாருக்கு மாறினார். ஆனாலும் டிரம்ஸ் கலைஞர் மர்ஃப் எப்படி அடிக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். உரசலுக்கு இது ஒரு காரணம். பார்லோவின் மனத்தாங்கல் வேறு. 1987இல் வந்த ‘யூ ஆர் லிவிங் ஆல் ஓவர் மீ’ ஆல்பத்தில் அவர் எழுதிய இரண்டு பாடல்கள் இருந்தன; ‘பக்’கில் ஒன்றுகூட இல்லை. 1988இல் கனெக்டிகட்டின் நாகடக் ஊரில் நடந்த நிகழ்ச்சியில் பார்லோ பாட்டை விட்டுவிட்டு பேஸ் கிதாரின் ஃபீட்பேக் இரைச்சலையே எழுப்பிக்கொண்டிருக்க, மாஸ்கிஸ் தன் கிதாரை ஓங்கி மேடையிலேயே அவர்மீது பாய்ந்தார்.

ஆல்பத்தின் முதல் பாடல் ‘ஃப்ரீக் சீன்’. மென்மையாகத் தொடங்கும் கிதார் திடீரென்று சீறி எழுகிறது. மாஸ்கிஸின் குரலோ தூக்கம் கலையாதவர் பேசுவதுபோல் கடைசிவரை அலுத்தே ஒலிக்கிறது. சிக்கலான ஒரு நட்பைப் பற்றிய பாடல் இது. அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ராக் பாடல்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். கடைசிப் பாடலான ‘டோன்ட்’ கேட்பதற்கே கடினமானது. தன்னை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கும் ஒரே வரியை மாஸ்கிஸ் எழுதிக் கொடுக்க, பார்லோ அதைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்கிறார். ஆல்பத்தில் அவர் முன்னின்று பாடியது இது ஒன்றுதான். இருவருக்கும் இடையே இருந்த கசப்பு இவ்வளவு பச்சையாகப் பதிவான பாடல் வேறில்லை.

1989இல், குழுவைக் கலைப்பதாகச் சொல்லிப் பார்லோவை வெளியேற்றினார்கள். ஆனால் அவருக்குப் பதிலாக டோனா டிரெஷைச் சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியப் பயணம் போனார்கள். அந்த ஆத்திரத்தைப் பார்லோ தன் ‘செபடோ’ குழுவின் ‘தி ஃப்ரீட் பிக்’ பாடலில் கொட்டினார்.

தன் ஆல்பங்களிலேயே தனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது ‘பக்’தான் என்று மாஸ்கிஸ் சொல்லியிருக்கிறார். அந்த நாட்களின் கசப்பு அவரை அப்படிச் சொல்ல வைத்திருக்கலாம்; ஆல்பம் அந்த மதிப்பீட்டுக்கு உரியதல்ல. மூவரும் 2005இல் மீண்டும் சேர்ந்தனர். 2011இல் ‘பக்’ முழுவதையும் மேடைகளில் வாசித்தனர். 2021இல் வெளியான ‘ஸ்வீப் இட் இன்டு ஸ்பேஸ்’ ஆல்பத்தை உருவாக்கியதும் இதே மூவர்தான்.