டைனமோ வெளிச்சமும் நாலு மாத இருளும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு லக்சபான கறண்ட் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் இட்டு எரித்த விளக்கும், கவிழ்த்து வைத்துச் சுற்றிய சைக்கிளின் டைனமோவும்தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தன.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் சாமான். சில்லு வேகமாகச் சுற்றினால் மின்னழுத்தம் ஏறி பல்ப் பளிச்சிடும். கை ஓய்ந்தால் செம்மஞ்சளாய் மங்கும். இரண்டு பல்புகளைத் தொடராகக் கோத்தால் அழுத்தம் பங்காகி இரண்டுமே அழுதுவடியும். நீண்ட மெல்லிய வயரும் வழியிலேயே கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். ஓமின் விதியைச் சனம் கையால் படித்த காலம் அது.

இந்த இருளைப் பற்றிப் பேசும்போது முஸ்லிம்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். முதல் நாலு மாத இருள் எங்கட வீடுகளிலும் இருந்தது. ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ் நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். பிறகு புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் குப்பி விளக்கு.

2013இல் குடாநாடு தேசிய மின்தொடரில் மீண்டும் இணைந்தது. அப்போதும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை டீசல் ஜெனரேற்றரையே நம்பியிருந்தன. இந்திய உதவியிலான சூரிய, காற்று மின்திட்டத்துக்கு 2022இல்தான் உடன்பாடு கைச்சாத்தானது.

1990இல் குடும்பம் நடத்தியவர்கள் இன்று முதியவர்கள். எந்த விளக்கில் பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நமது கடன்.